முத்துக்கருப்பன் பெயரில் எழுதிய மாத்திரை

1

இந்தக் கதை வாட்ஸப்பில் வந்த ஒரு படத்திலிருந்து தொடங்கியது. அனுப்பியவன் சாக்கோட்டைக்கும் புதுவயலுக்கும் நடுவில் ஓர் ஊரில் இருக்கும் என் சித்தப்பா மகன் சேவுகப்பெருமாள். படத்தில் ஒரு மருந்துச் சீட்டு. தலைப்பில் டாக்டர் சிவபிரகாஷ் என்று அச்சிட்டிருந்தது. நோயாளியின் பெயர்: முத்துக்கருப்பன். வயது ஐம்பத்தெட்டு. ஆண். அதற்குக் கீழே எழுதியிருந்தது மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. அதுவும் ஒரு வீட்டுக்கான அளவு இல்லை, ஒரு தெருவுக்கே போதும்.

சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்திருக்கலாம். கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து அடுத்த செய்தி வந்தது: "சிரிக்காதண்ணே. ஈஸ்வரன் பொண்டாட்டிக்கு அந்த மாத்திரையால கால்ல ரத்தம் கட்டியிருச்சாம். மதுரைக்குக் கொண்டு போயிருக்காக. டாக்டரை ஊரை விட்டு அனுப்பணும்னு இங்குட்டு ஒரே சத்தம்."

சிரிப்புக்கும் அந்தச் செய்திக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் கதை இருக்கிறது என்று நினைத்தேன். எழுதத் தொடங்கியபோது அது அவ்வளவு எளிதாக அகப்படவில்லை.

2

கைவிட்ட தொடக்கங்கள்.

"அந்த ஊரில் டாக்டர் சிவபிரகாஷைப் பிடிக்காதவர்கள் யாருமில்லை, ஏனென்றால் அவர்" —

நிறுத்திவிட்டேன். பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். காய்ச்சல் என்று போனால் ஊசி போடமாட்டார். "கஞ்சி குடிங்க, ரெண்டு நாள் பாப்போம்" என்று திருப்பி அனுப்புவார். ஊசி போடாத டாக்டர் என்றே ஊரில் அவருக்குப் பெயர்.

"கேட்டவர்களுக்கெல்லாம் கேட்ட மருந்தை அள்ளிக் கொடுத்த ஒரு டாக்டரின்" —

இதுவும் நிற்கவில்லை. காரணம், மேலே சொன்ன ஊசி.

"பங்குனி பிறந்தால் அந்த ஊரில் நவதானியத்துக்கு முன்பே மாத்திரை வாங்கிவிடுவார்கள்."

இந்த வாக்கியம் மட்டும் நின்றது. நின்றதால் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். (முளைப்பாரி தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்டியதும் பெண்கள் சட்டியில் மண்ணும் எருவும் இட்டு, தானியம் விதைத்து, வெளிச்சம் படாத வீட்டில் வைத்து வளர்ப்பார்கள். விரதம் இருந்து, தினமும் குளித்து, அவரவர் சட்டிக்கு அவரவர்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். கடைசி நாள் அதைத் தலையில் சுமந்து ஊர்வலம். இடையில் மாதவிலக்கு வந்துவிட்டால் அந்தப் பெண் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. சட்டி வாடும். வாடிய சட்டியை ஊர் பார்க்கும். பார்த்த ஊர் அந்த வீட்டைப் பற்றி ஆண்டு முழுவதும் பேசும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் அந்த ஊரில் "திருவிழா மாத்திரை". மருந்துக்கடையில் கூட அப்படித்தான் கேட்பார்கள்.

3

சீட்டில் முத்துக்கருப்பன் பெயர் எப்படி வந்தது? இந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. டாக்டரிடமும் முத்துக்கருப்பனிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் ஒரே மாதிரி சொன்னதால் துணிந்து எழுதுகிறேன்.

முத்துக்கருப்பன் திருவிழாக் கமிட்டிச் செயலாளர். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், கரகாட்டக்காரர் என்று எல்லோரையும் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் டாக்டரின் அறைக்கு வந்தார்.

"டாக்டரய்யா, கமிட்டிக்கு அந்த மாத்திரை வேணும்."

"எந்த மாத்திரை?"

"அதான்... திருவிழா மாத்திரை."

"யாருக்கு?"

"ஊருக்கு."

"ஊருக்கெல்லாம் சீட்டு எழுத முடியாதுங்க. ஒரு ஆளோட பேரு வேணும்."

முத்துக்கருப்பன் யோசித்தார். "பொம்பளப் பிள்ளைக பேரு எதுக்கு மருந்துக்கடை வரைக்கும் போயி வரணும்? என் பேரைப் போடுங்க. நான் தாங்கிக்கிருவேன்."

டாக்டர் போட்டார். அது முதல் ஆண்டு. மறு ஆண்டு கேள்வியே இல்லாமல் எழுதினார். மூன்றாம் ஆண்டு எழுதிய சீட்டுத்தான் வாட்ஸப்பில் வந்தது.

இந்த இடத்தில் முத்துக்கருப்பனைக் கேலிப் பாத்திரமாக்குவது சுலபம். அப்படித்தான் ஒரு வடிவம் எழுதினேன். ஆனால் அவர் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது ஒருவகைப் பெருந்தன்மை. ஊர்ப் பெண்களின் கூச்சத்தையெல்லாம் தன் ஒரு பெயரில் வாங்கிக்கொண்டதாக அவர் உண்மையிலேயே நம்பினார். அதைக் கேலி செய்தால் கதை எனக்கு வசதியாக இருக்கும். அவருக்கு நியாயமாக இருக்காது.

4

டாக்டர் என்ற பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. ஊசிக்கு அசையாத மனிதர் இதற்கு எப்படி வளைந்தார்? ஒரே ஆள் இரண்டு மாதிரி நடந்துகொள்வது வாழ்க்கையில் நடக்கும். கதையில் அதை வாசகர் நம்ப வேண்டுமே.

அவரையே கேட்டேன். சொந்த ஊர் கோட்டையூர். அப்பா தச்சர். வயது நாற்பதைத் தாண்டவில்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்து பதில் சொன்னார்.

"ஊசி வேணும்னு எங்கிட்டச் சண்டை போடுவாக. நானும் சண்டை போடுவேன். இதுல யாரும் சண்டை போடல சார். பேசவே இல்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்தாக, நானும் தலையக் குனிஞ்சுக்கிட்டு எழுதுனேன். பேசாத விசயத்தை எப்படி மறுத்துப் பேசுறது?"

பிறகு அவரே சொன்னார்: "இது சாக்கு இல்ல. செஞ்சது தப்பு. ஒரு நோயாளியைக்கூடப் பாக்காம எழுதியிருக்கேன்."

(ஒரு பக்கக் குறிப்பு. இந்த மாத்திரை பெரும்பாலான பெண்களுக்குச் சில நாள் பயன்பாட்டில் பெரிய கேடு செய்வதில்லை என்று அவர் விளக்கினார். முன்பே காலில் இரத்தம் கட்டியவர்களுக்கு மட்டும் கொடுக்கவே கூடாது. அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கேள்வி போதும்.)

5

ஊர்க்கூட்டம். இதற்கு நான் போயிருந்தேன், சேவுகப்பெருமாளுக்குப் பக்கத்து நாற்காலியில்.

டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் கட்டடம் ஊருக்குச் சொந்தம். ஆகவே சாவியைத் திரும்ப வாங்கினால் போதும், அவர் போய்விடுவார். சுற்றியிருக்கும் ஐந்தாறு ஊர்களுக்கு அவர் ஒருவர்தான். அவர் போனால் காரைக்குடிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். கூட்டத்தின் முன் இருந்த கேள்வி அது ஒன்றுதான்: சாவியை வாங்குவதா, வேண்டாமா?

டாக்டர் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். சாவியைத் தானாகவே எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார்.

"ஒரு பொம்பளப் பிள்ளை உசுரு ஊசலாடி மீண்டு வந்திருக்கு. இந்த ஆளு இன்னும் இங்கன இருக்கலாமா?" என்று ஈஸ்வரன் ஆரம்பித்தார். மதுரைக்குக் கொண்டு போயிருந்த யோகலட்சுமியின் கணவர். டிராக்டர் வைத்திருக்கிறார். குரல் உடைந்திருந்தது.

"அந்த மாத்திரை..." என்று ஒருவர் இழுத்தார்.

"எந்த மாத்திரைன்னு சொல்லிப் பேசுங்கப்பா."

"அதான், அந்த இது."

"எது?"

"அட, உனக்குத் தெரியாதாக்கும்!"

வெகுநேரம் கூட்டம் இப்படித்தான் நடந்தது. குற்றச்சாட்டு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எவருக்கும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இதைக் கதையில் எப்படி எழுதுவது? ஒவ்வொருவர் வாயிலும் புள்ளிகளாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுவதும் புள்ளியாக —

வாசல் பக்கமிருந்து ஒரு குரல் அந்தப் புள்ளிகளை முடித்து வைத்தது. பொன்னுத்தாயி, முத்துக்கருப்பனின் மனைவி. கூட்டத்துக்குள் பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கே நின்னு எத்தனையோ வருசமாச்சு. எங்க வீட்டு மனுசருக்கு இப்பத்தான் டாக்டரு தள்ளிப்போட மாத்திரை எழுதியிருக்காரு. அதையும் கொஞ்சம் விசாரிங்க!"

வெளியே பெண்கள் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். முத்துக்கருப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஏத்தா, சபையில வந்து என்ன பேச்சு பேசுற?"

"சபையில பேச மாட்டீகன்னுதான் நான் பேசுறேன்."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் யோகலட்சுமி உள்ளே வந்துவிட்டார்.

6

கதாசிரியராக நான் மிகவும் பயந்த இடம் இது. நோயிலிருந்து எழுந்த பெண் சபைக்கு வந்து நீதி கேட்பது நம் எல்லோருக்கும் பழகிய காட்சி. தலைவிரி கோலம், உயர்ந்த குரல், குனிந்த தலைகள். அந்த வடிவத்தையும் எழுதினேன். படிக்க நன்றாகவே இருந்தது. கிழித்துவிட்டேன், ஏனென்றால் நடந்தது வேறு.

அவர் காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனைப் பிரிவில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிறவர். அன்று இடது காலில் இறுக்கமான உறை மாட்டிக்கொண்டு மெதுவாக வந்து, டாக்டருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோயாளி உட்காருவது போல.

"டாக்டர், என்னையக் கூப்பிட்டுப் பாத்திருந்தா என்ன கேட்டிருப்பீக?"

டாக்டர் தடுமாறினார். "சில கேள்வி இருக்கும்மா. வழக்கமாக் கேக்குறது."

"இப்பக் கேளுங்க."

"இங்கயா?"

"இதுக்குத்தான கூட்டமே போட்டிருக்காக."

டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"வயசு?"

"முப்பத்தாறு."

"பிள்ளைக?"

"ரெண்டு பையங்க."

"கடைசியா மாதவிலக்கு எப்ப வந்துச்சு?"

அந்தச் சொல் கூடத்தில் முதல் முறையாக விழுந்தது. பலர் மின்விசிறியைப் பார்த்தார்கள். என் பக்கத்தில் சேவுகப்பெருமாள் தன் கைபேசியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அதில் சார்ஜே இல்லை.

யோகலட்சுமி தேதியைச் சொன்னார். எத்தனை நாள் இருக்கும், வலி இருக்குமா, போக்கு அதிகமா என்று அவர் கேட்கக் கேட்க இவர் சொல்லிக்கொண்டே வந்தார். கடையில் விலை சொல்வது போல, ஏற்ற இறக்கமில்லாமல்.

"முன்னாடி எப்பவாச்சும் கால் வீங்கி ஆஸ்பத்திரியில சேந்திருக்கீகளா?"

"சேந்திருக்கேன். சின்னவன் பொறந்தப்ப. ஒத்தக் கால் மட்டும் தூணு மாதிரி வீங்கிப் போச்சு. ரத்தம் கட்டியிருக்குன்னு தெனமும் வயித்துல ஊசி போட்டாக."

டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார் யோகலட்சுமி.

"அவ்வளவுதாம்மா. இது தெரிஞ்சிருந்தா அந்த மாத்திரையை எழுதியிருக்க மாட்டேன்."

"ஏன் தெரியாமப் போச்சு?"

"நான் கேக்கல."

ஈஸ்வரன் நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார். அந்த ஊசிகளை மருந்துக்கடையில் வாங்கி வந்தவரே அவர்தான். கமிட்டியிலிருந்து வந்த மாத்திரை அட்டையை மனைவியிடம் கொடுத்ததும் அவர்தான். இரண்டையும் அவர் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. "எனக்குத் தெரியும்டா, எனக்குத் தெரியும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். யோகலட்சுமி அவர் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சவுககிட்ட யாராச்சும் கேட்டிருந்தாத்தான சொல்லுவாக. விடுங்க."

முத்துக்கருப்பன் தொண்டையைக் கனைத்தார். "டாக்டரே ஒத்துக்கிட்டாரு. அப்ப சாவிய வாங்கிறலாம்ல?"

"வாங்கி என்ன செய்யப் போறீக மாமா? இவரு போவாரு, புதுசா ஒருத்தரு வருவாரு. வர்ற பங்குனிக்கு அவருட்டப் போயி உங்க பேரைச் சொல்லி நிப்பீக. எனக்கு மாசாமாசம் ரத்தம் சோதிக்கணும். அதுக்கு நான் பஸ் ஏறி அங்குட்டும் இங்குட்டும் அலையணுமா? மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கேன். அது பாட்டுக்குப் போகட்டும், அங்க கேப்பாக, இவரு பதில் சொல்லட்டும். அது வேற. சாவி வேற."

டாக்டர் தலையசைத்தார். "சொல்றேம்மா. இங்க சொன்னதை அங்கயும் சொல்றேன்."

இதன் முதல் வடிவத்தில் இங்கே கைதட்டல் இருந்தது. யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் "டீ வந்திருச்சா?" என்று கேட்டார். முத்துக்கருப்பன் மேசை மேல் இருந்த சாவியை எடுத்து டாக்டரிடம் கொடுத்தார்.

7

இந்த வடிவத்தை யோகலட்சுமியிடம் படித்துக் காட்டினேன். அவர் கடை விடுமுறை நாளில், வீட்டில். மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். கடையில் அவருக்கு மட்டும் ஒரு முக்காலி போட்டிருக்கிறார்களாம்.

"நான் இம்புட்டு வார்த்தை பேசல. இதுல பாதிதான்."

"கதைக்காகக் கொஞ்சம் கூட்டியிருக்கேன். எடுத்திரவா?"

"எடுக்க வேணாம். இப்பப் படிக்கையில நானே அப்படிப் பேசுன மாதிரிதான் இருக்கு." பிறகு, "ஆனா தூணு மாதிரின்னு நான் சொல்லல. பனைமரம் மாதிரின்னேன்."

திருத்தவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அச்சுக்குப் போகுமுன் திருத்தக்கூடும்.

முடிவுக்கு வருகிறேன். என்னிடம் இரண்டு இருந்தன.

ஒன்று: விசாரணை முடிந்து டாக்டருக்குத் தண்டனை வருகிறது. நீதி நிலைநாட்டப்படுகிறது. ஊர் மறுபடியும் டாக்டர் இல்லாமல் —

இரண்டு: எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறார்கள். டாக்டர் திருந்துகிறார். மாலை வெயிலில் —

இரண்டையும் எழுத எனக்கு உரிமை இல்லை. விசாரணை இன்னும் நடக்கிறது. அவர் இரண்டு முறை போய் வந்திருக்கிறார். அதன் முடிவு எதுவானாலும் அதைக் கொண்டு இந்தக் கதையை முடிக்க முடியாது என்பதை இந்த ஆண்டுப் பங்குனி எனக்குச் சொன்னது.

8

இந்த ஆண்டு டாக்டர், நேரில் வராத யாருக்கும் சீட்டு இல்லை என்று சொல்லிவிட்டார். பெண்கள் வந்தார்கள். முதல் இரண்டு நாள் எல்லோரும் "காய்ச்சல்" என்றார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தியபின்தான் விஷயம் வெளியே வந்தது. மூன்றாம் நாள் ஒருத்தி வரிசையில் நின்றபடியே, "எனக்குக் காய்ச்சல் இல்ல, திருவிழாவுக்கு" என்றாள். அதன்பின் வரிசை வேகமாக நகர்ந்தது. எல்லோரிடமும் கேள்விகள் கேட்டார். சிலருக்கு எழுதினார். சிலரிடம் வேண்டாம் என்றார். யோகலட்சுமிக்கு, இனி எப்போதும் கூடாது.

வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் வெளியே வந்து கேட்ட கேள்விக்கு எந்த டாக்டரிடமும் பதில் கிடையாது: அப்படியானால் சட்டிக்கு யார் தண்ணீர் தெளிப்பது?

பொன்னுத்தாயி ஒரு யோசனை சொன்னார். ஒரு சட்டிக்கு இரண்டு பெண்கள். ஒருத்திக்கு முடியாமல் போனால் மற்றவள் பார்த்துக்கொள்வாள். கேட்க எளிது. ஆனால் முடியாமல் போனதை ஊரறியச் சொன்னால்தான் அது நடக்கும்.

முத்துக்கருப்பனிடம் போனார்கள். "பூசாரியக் கேக்கணும்" என்றார். பூசாரி, "கமிட்டி என்ன சொல்லுதோ அதுதான்" என்றார். மறுபடி கமிட்டி. மறுபடி பூசாரி. நான் போயிருந்த அன்று இந்த நடை மூன்றாவது சுற்றில் இருந்தது.

"கேக்குறவுக கேட்டுக்கிட்டு இருக்கட்டும் தம்பி," என்றார் பொன்னுத்தாயி. "நாங்க ஜோடி சேத்துட்டோம்."

யோகலட்சுமிக்கு ஜோடி, கணவரின் தம்பி மனைவி சந்திரலேகா. இருவரும் சேர்ந்து சட்டி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கீறல் இருக்கிறதா என்று சந்திரலேகா தட்டித் தட்டிப் பார்த்தாள். ஈஸ்வரன் டிராக்டரில் எரு கொண்டுவந்து இறக்கினார். முத்துக்கருப்பன் அந்தப் பக்கமாக வந்தார். இரண்டு பேருக்கு ஒரு சட்டி என்பதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பந்தல்காரரைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டார். அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் துணிச்சல் அங்கிருந்த பெண்களுக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது.

இந்தக் கதை அச்சுக்குப் போகும் நாளில் காப்புக் கட்டியிருக்காது. நீங்கள் படிக்கும் நாளில் ஊர்வலமே முடிந்திருக்கும். ஆகவே முடிவு எனக்குத் தெரியாது. அதற்கு முந்தைய நிமிடம் வரை மட்டும் கற்பனையாக எழுதித் தருகிறேன்.

முளைகள் விரல் நீளம் வளர்ந்த ஒரு மாலை. பெண்கள் குளித்துவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு அந்த வீட்டு வாசலில் கூடியிருக்கிறார்கள். யோகலட்சுமி படியேறவில்லை. செம்பைச் சந்திரலேகாவிடம் நீட்டுகிறார். பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்த ஆண்களில் ஒருவர் திரும்பிப் பார்த்து, "ஏன் யோகம், நீ போகலயா?" என்று கேட்கிறார். அவர் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறார்.

யோகலட்சுமி சொல்கிறார்:

இந்த இடத்தை நான் நிரப்பப்போவதில்லை. நீங்கள் ஆணாக இருந்தால் நீங்களும் நிரப்ப வேண்டாம். புத்தகத்தைத் திறந்தபடியே கொண்டுபோய் வீட்டில் ஒரு பெண்ணிடம் கொடுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.